ஊகமகாராஜர் தசாங்கம்

வெண்கொற்றக் குடை வேண்டாமலேயே வையம் முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆளும் மாட்சிமை தங்கிய ஊகமகாராஜர் அவர்களின் திருச்சமூகத்துக்கு, அடி அண்ணாமலையில் குடியிருக்கும் எளியேன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து சமர்ப்பிக்கும் புகழ்மாலை.

பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மலைக்கு மேற்குப் பக்கம் எங்கள் ஊர். மணிவாசகப் பெருமான் திருவெம்பாவை பாடிய மண் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவருக்கு இங்கே தனிக் கோயிலும் உண்டு. அவரே தசாங்கம் ஒன்றும் பாடியிருக்கிறார். பெயர், நாடு, ஊர், ஆறு, மலை, ஊர்தி, படை, முரசு, தார், கொடி என்று தலைவனுக்குரிய பத்து உறுப்புகளையும் கிளியிடம் கேட்டுக் கேட்டுப் பாடுவது அதன் முறை. தங்களுக்கும் அப்படியொரு தசாங்கம் இல்லாத குறையைத் தீர்க்கத் துணிந்தேன். எனக்குக் கிளிக்குப் பஞ்சமில்லை. சொன்னதையே திருப்பிச் சொல்லும் கிளிகள் இப்போது ஆளுக்கொன்றாக எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கின்றன.

பெயர்

தங்கள் திருநாமங்கள் ஆயிரம். ஊழலைத் துருவிக்கொண்டிருந்த பத்திரிகையாளர் ஒருவர் திடீரென்று இறந்தால் அன்று மாலைக்குள் தாங்கள் ‘மர்ம மரணம்’ என்ற பட்டப்பெயரோடு எழுந்தருளுகிறீர்கள். இரவு ‘திடுக்கிடும் பின்னணி’ ஆகிறீர்கள். மறுநாள் காலை ‘நெருங்கிய வட்டாரத் தகவல்’ என்ற பீதாம்பரம் உடுத்துகிறீர்கள்.

தங்கள் ஞானவேகத்துக்கு முன் எந்த நிருபர் நிற்க முடியும்? ஒரு நிலப் பத்திரம் போலியா, மெய்யா என்று அறிய அந்தப் பாவப்பட்ட மனிதர் பதிவு அலுவலகத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நடையாய் நடப்பார். வில்லங்கச் சான்று எடுப்பார். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு முப்பது நாள் காத்திருப்பார். பதில் வராமல் மேல்முறையீடு செய்வார். எதிர்த்தரப்பின் விளக்கத்தையும் கேட்டு வாங்கிய பிறகே ஒரு பத்தி எழுதுவார். தாங்களோ அவரே செத்துக் கிடக்கும்போது, பிணக்கூறாய்வு மேசைக்கு உடல் போய்ச் சேருமுன்பே, கொன்றவர் யார், கூலி எவ்வளவு, கொடுத்த விஷம் எது என்று அறிவித்துவிடுகிறீர்கள். சான்று என்னும் இழிந்த பொருளைத் தங்கள் திருக்கரம் ஒருநாளும் தீண்டியதில்லை. அவ்வளவு ஆசாரம்!

நாடு

தங்கள் நாடு பரந்தது. ஆயினும் தங்கள் புகழ் உச்சி தொட்ட பொற்காலத்தைப் பாட வேண்டுமானால் மத்தியப் பிரதேசத்தைத்தான் பாட வேண்டும்.

அங்கே தொழிற்கல்வித் தேர்வு வாரியம் என்று ஒன்று இருந்தது. இந்திப் பெயரைச் சுருக்கி வியாபம் என்பார்கள். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையும் அரசு வேலைகள் பலவும் அதன் கையில். 2013 ஜூலையில் இந்தூர் போலீசார், வேறொருவர் பெயரில் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத வந்த ஆள்மாறாட்டக்காரர்களைக் கூட்டமாகப் பிடித்தார்கள். நூல் பிடித்துக்கொண்டு போனால் முறை முறையாக மோசடி. காசு கொடுத்தவருக்குப் பதிலாகக் கெட்டிக்காரர் ஒருவர் எழுதுவது ஒரு முறை. கெட்டிக்காரரை முன்னால் உட்கார வைத்து, காசு கொடுத்தவரைப் பின்னால் உட்கார வைத்துப் பார்த்து எழுத விடுவது இன்னொரு முறை. அதற்கு எஞ்சின், போகி என்று பெயர் வைத்திருந்தார்கள். விடைத்தாளை வெற்றாகக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி, அலுவலகத்தில் ஆற அமர நிரப்பிக்கொள்வது மூன்றாவது முறை. தொழில்நுட்பக் கல்வி அமைச்சராக இருந்தவரே கைதாகும் அளவுக்கு வழக்கு வளர்ந்தது.

பிறகு அந்த வழக்கைச் சுற்றி மரணங்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள், சாட்சிகள், இடைத்தரகர்கள் என்று ஒவ்வொருவராகப் போனார்கள். சாலையில் சிலர், நோயில் சிலர், தூக்கில் சிலர். எண்ணிக்கையை அரசு ஒரு விதமாகச் சொன்னது. நாற்பதைத் தாண்டிவிட்டது என்று செய்தியாளர்கள் சொன்னார்கள். எவை இயற்கை, எவை இயற்கையல்ல என்று ஒவ்வொன்றையும் உடனுக்குடன் பிரித்துச் சொல்லியிருந்தால் தங்களுக்கு அங்கே என்ன வேலை, மகாராஜா? அப்படிச் சொல்லாமல் தங்களுக்குச் சிம்மாசனம் போட்டுக் கொடுத்த அதிகாரிகளின் ராஜவிசுவாசத்தை எந்தக் கல்வெட்டில் பொறிப்பது!

ஊர்

தங்கள் ஊர், ஜாபுவா மாவட்டத்து மேக்நகர்.

2015 ஜூலை 4. ஆஜ் தக் தொலைக்காட்சியின் புலனாய்வுச் செய்தியாளர் அக்‌ஷய் சிங் வியாபத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட ஒரு மரணத்தைத் துருவி அங்கே ஒரு வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுப் பெண், இந்தூரில் மருத்துவம் படித்தவள். 2012 ஜனவரியில் உஜ்ஜைன் பக்கம் ரயில் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தாள். பிணக்கூறாய்வு செய்த மூன்று மருத்துவர்கள் மூச்சடைக்கப்பட்டு இறந்தாள் என்று எழுதினார்கள். அதன்மேல் போபாலிலிருந்து இரண்டாவது கருத்து ஒன்று வாங்கப்பட்டது. அது தற்கொலை என்றது. இரண்டாவது கருத்து செல்லுபடியாயிற்று, வழக்கை மூடினார்கள். மூவர் கண்ணால் கண்டது எப்படித் தள்ளுபடி ஆனது என்று கேட்கத்தான் அக்‌ஷய் சிங் தில்லியிலிருந்து அத்தனை தூரம் போனார்.

தந்தையோடு பேசினார். அந்த வீட்டில் தேநீர் கொடுத்தார்கள், குடித்தார். சில காகிதங்களுக்கு நகல் எடுத்து வர ஆள் போயிருந்தது. நகலுக்காகக் காத்திருந்த வேளையில் அவர் வாயில் நுரை தள்ளியது, சரிந்தார். உள்ளூர் மருத்துவமனை, அங்கிருந்து இன்னொன்று, பிறகு மாநில எல்லை தாண்டி குஜராத்தின் தாகோது. உயிர் இல்லை என்றார்கள்.

அந்த ஒரு கோப்பைத் தேநீரைத் தாங்கள் பிரசாதமாக ஏற்றுக்கொண்ட அழகை என்னென்பது! மகளைப் பறிகொடுத்து, நியாயம் கேட்டு, வந்த விருந்தாளிக்குத் தேநீர் கொடுத்த குடும்பத்தின் வாசலிலேயே தங்கள் அரசவை கூடியது. தேநீரில் என்ன கலந்தது, யார் கலந்தார், எந்த அயல்நாட்டு நஞ்சு தடயம் விடாது என்று வேதியியலில் தேறாதவர்களெல்லாம் பாடம் நடத்தினார்கள். மறுநாளே தங்கள் பட்டாபிஷேகத்துக்குத் தோதாக, ஜபல்பூர் மருத்துவக் கல்லூரியின் முதல்வர் அருண் சர்மா தில்லி விடுதி அறையொன்றில் இறந்து கிடந்தார். அவருக்கு முன் அதே நாற்காலியில் இருந்தவர் ஏறத்தாழ ஓராண்டுக்கு முன் தீக்காயத்தால் இறந்திருந்தார். ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இரண்டு மரணங்கள் போதுமே. மூன்றாவதைத் தாங்களே செய்துகொள்ள மாட்டீர்களா!

ஜூலை 9 அன்று உச்ச நீதிமன்றம் வியாபம் வழக்குகளை சிபிஐ கையில் கொடுத்தது. அக்‌ஷய் சிங்கின் உள்ளுறுப்புகள் சோதனைக்குப் போயின. பின்னர் வந்த மருத்துவ முடிவு, நஞ்சு இல்லை, இதயம்தான் என்றது. அந்த முடிவைப் படித்தவர் எத்தனை பேர்? தேநீரை நினைவில் வைத்திருக்கிறவர் எத்தனை பேர்? இந்தப் பகுதியின் தலைவாசலில் ஒரு கேள்வி நின்றதே, மூன்று மருத்துவர் எழுதியது எப்படித் தள்ளுபடி ஆனது என்று? அதை நினைவில் வைத்திருக்கிறவர் எத்தனை பேர்? கேள்வி கேட்கப் போனவரின் மரணத்தையே கேள்வியாக்கி, அவர் கேட்டதைக் காணாமல் அடித்தீர்களே, இந்திரஜாலம் கற்றவர்கள் தங்கள் திருவடியில் பாடம் கேட்க வேண்டும்.

ஆறு

தங்கள் நாட்டில் புனித ஆறும் பாய்கிறது. பாகீரதி!

உத்தரகாசியில் ராஜீவ் பிரதாப் என்ற இளம் செய்தியாளர், மாவட்ட மருத்துவமனையின் சீர்கேட்டைக் காணொளியாக வெளியிட்டவர், 2025 செப்டம்பர் 18 இரவு காணாமல் போனார். கார் ஆற்றில் கிடைத்தது. பத்து நாள் கழித்து உடல் ஜோஷியாரா தடுப்பணையில் கிடைத்தது. மிரட்டல் வந்தது என்றது குடும்பம். விபத்து என்றது காவல்துறை. அந்தப் பத்து நாளும் தாங்கள் ஆற்றில் தீர்த்தமாடினீர்கள். அந்த மருத்துவமனைக்கு என்ன ஆயிற்று என்று அன்று விசாரித்திருந்தால் தங்கள் நீராட்டுக்கு இடையூறு ஆகியிருக்கும். யாரும் பெரிதாக விசாரிக்கவில்லை. நீராட்டு இனிதே நிறைவேறியது.

மலை

தங்கள் மலை எங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டாரத்துப் பாறைகள். நாளொரு வெடியும் பொழுதொரு லாரியுமாகத் தேய்ந்துகொண்டிருக்கும் அருமையான மலைகள்.

ஆனால் இந்த ஓர் உறுப்பில் தங்களுக்கு ஓர் அவமானம் நேர்ந்துவிட்டது. பொறுத்தருள வேண்டும், அதையும் பாடாமல் விட்டால் தசாங்கம் குறைப்படும்.

ஜகபர் அலி என்பவர் அங்கே அனுமதி மீறிய கல்குவாரிகளைப் பற்றி ஆட்சியர் அலுவலகத்துக்கும் கனிமத் துறைக்கும் மனு மேல் மனுவாகக் கொடுத்துவந்தார். அவர் பத்திரிகையாளர் அல்லர். பத்திரிகைகள் செய்ய வேண்டிய வேலையைத் தனியாளாகச் செய்தவர். 2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. தொழுகை முடித்து இருசக்கர வண்டியில் வீடு திரும்பியவர் மீது டிப்பர் லாரி ஏறியது. விபத்து என்று வழக்கு பதிவானது. கோப்பு முடிந்தது என்று அதிகாரமும், மர்மம் தொடங்கியது என்று தாங்களும் ஆளுக்கொரு பக்கம் பந்தலிட ஆயத்தமானபோது, அவர் மனைவி ஒரு காரியம் செய்தார். காகிதத்தில் புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இது விபத்து அல்ல, காரணம் இன்னது, அவர் கொடுத்த மனுக்கள் இன்னின்னவை என்று. கொலை வழக்காக மாறியது. குவாரிக்காரர்கள் கைதானார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது.

கையெழுத்துப் போட்ட சந்தேகம்! தங்கள் குலப்பகை அதுதான், மகாராஜா. பெயரும் விலாசமும் தேதியும் தாங்கி, இன்னாரை விசாரியுங்கள் என்று அது காவல்நிலையத்துப் படியேறும். பொய்யானால் சொன்னவர் பிடிபடுவார். மெய்யானால் செய்தவர் பிடிபடுவார். இப்படி யாராவது பிடிபட்டே தீரும் அநாகரிகமான ஏற்பாடு அது. தங்கள் ராஜ்ஜியத்திலோ சொன்னவரும் பிடிபடுவதில்லை, செய்தவரும் பிடிபடுவதில்லை. எவ்வளவு கருணை!

ஊர்தி

சிவபெருமானுக்கு விடை, முருகனுக்கு மயில், தங்களுக்கு லாரி.

மத்தியப் பிரதேசம் பிண்டு நகரில் செய்தியாளர் சந்தீப் சர்மா, மணல் கொள்ளைக்கும் காவல் அதிகாரிக்கும் உள்ள உறவை மறைகேமராவில் எடுத்துக் காட்டியவர். உயிருக்கு ஆபத்து என்று எழுத்தில் கொடுத்திருந்தார். 2018 மார்ச் 26 அன்று வெற்றுச் சாலையில் ஒரு லாரி ஓரமாக ஒதுங்கி வந்து அவர் மேல் ஏறிப் போனதைக் கண்காணிப்புக் கேமரா பதிவு செய்தது. உத்தரப் பிரதேசம் பிரதாப்கரில் சுலப் ஸ்ரீவாஸ்தவா, சாராயக் கும்பலைப் பற்றிச் செய்தி போட்டவர். 2021 ஜூன் 12 அன்று, என்னைப் பின்தொடர்கிறார்கள், பாதுகாப்பு வேண்டும் என்று காவல்துறை உயரதிகாரிக்குக் கடிதம் எழுதினார். ஜூன் 13 இரவு சாலையோரம் இறந்து கிடந்தார். மோட்டார் சைக்கிள் அடிகுழாயில் மோதிவிட்டது என்றார்கள்.

இருவருமே கையெழுத்துப் போட்டவர்கள் என்பதைக் கவனித்தீர்களா? தங்கள் பரம்பரைப் பகையை உயிரோடிருக்கும்போதே கையிலெடுத்தவர்கள். அந்தக் காகிதங்களை வாங்கி, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, பத்திரமாக உறங்க வைத்தார்களே, அந்த அலுவலகங்கள் அல்லவா தங்கள் பட்டத்து யானைகள்! மனு மேல் அன்றே நடவடிக்கை எடுத்திருந்தால் மறுநாள் தங்களுக்குப் பவனி ஏது, ஊர்வலம் ஏது?

படை

நால்வகைப் படையும் தங்களிடம் உண்டு. சந்தேகமிருந்தால் பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலைக்கு எழுந்தருளுங்கள். செருப்பில்லாமல் நடந்து கால் கொப்பளித்தவர்கள் எங்கள் கோயிலடியில் சற்று உட்கார்வார்கள். பக்கத்து டீக்கடையில் பால் கொதிக்கும். அங்கே தங்கள் சேனாதிபதி ஒருவர் கைப்பேசியை நீட்டிக்கொண்டிருப்பார். அப்படியோர் இரவு என் காதாரக் கேட்டது இது.

“அண்ணே, இந்த நிருபர் செத்தது பார்த்தியா? நெஞ்சுவலியாம். நம்புறியா நீ?”

“நெஞ்சுவலியா? போடா தம்பி. போட்டுட்டானுங்க.”

“யாரு?”

“அதெல்லாம் வெளிய சொல்ல முடியுமா? பெரிய எடம்.”

“அவரு என்னா எழுதினாருண்ணே?”

“அது தெரியல. ஆனா பெரிய மேட்டரு.”

ஆகா! எழுதியது தெரியாது, எழுதியவரைக் கொன்றவர் தெரியும். இந்த ஞானம் முனிவர்களுக்கும் வாய்த்ததில்லை. சொன்னவர் டீ கிளாசை வைத்துவிட்டு, அதே செய்தியை நான்கு குழுக்களுக்குத் தட்டிவிட்டு, அரோகரா சொல்லி வாயு லிங்கத்தை நோக்கி நடந்தார். எந்தக் காவல்நிலையத்துக்கும் அந்தப் ‘பெரிய எடம்’ போய்ச் சேராது. அந்தப் பெரிய இடத்தில் இருப்பவர் கேட்டாலும் மனம் குளிர்ந்திருப்பார். அவர் பெயரை யாரும் எழுத்தில் தரவில்லை. அவர் வல்லமையை மட்டும் ஊர் பாடுகிறது. நாளை எழுத நினைக்கும் இளைஞன் இதைக் கேட்டுப் பேனாவை மூடி வைப்பான். ஆளை ஏவாமலே ஊரை அடக்கும் உபகாரத்தை அந்தப் பெரிய இடத்துக்குத் தங்கள் படை இலவசமாகச் செய்துகொடுக்கிறது.

முரசு

தங்கள் முரசு நாள்தோறும் இரவு ஒன்பது மணிக்கு முழங்குகிறது. எட்டுச் சதுரங்களில் எட்டுத் தலைகள். எல்லாம் ஒரே நேரத்தில் முழங்கும். இறந்தவரின் கடைசிக் கட்டுரையை அதில் யாராவது கையில் வைத்திருந்து பார்த்ததுண்டா? அத்தகைய குற்றம் தங்கள் அவையில் நடப்பதில்லை.

முரசுக்கு ஒத்தூத அமைச்சர் பெருமக்களும் உண்டு. வியாபம் மரணங்கள் குவிந்த அந்த நாட்களில் மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சர் பாபுலால் கவுர், பிறந்தவர் இறந்தே தீர வேண்டும் என்ற இயற்கை நியதியை மக்களுக்கு எடுத்துரைத்தார். உள்துறையை மெய்ஞ்ஞானத் துறையாக உயர்த்திய அந்தப் பெருந்தகையை வாழ்த்துகிறேன். அக்‌ஷய் சிங்கைப் பற்றிக் கேட்டபோது, தன்னைவிடப் பெரிய பத்திரிகையாளர் உண்டா என்ற பொருள்பட அந்த மாநில பாஜக தலைவர்களில் ஒருவரான கைலாஷ் விஜய்வர்கியா பேசினார். பிறகு விளக்கமும் அளித்தார். துக்க வீட்டில் இப்படித் திருவாய் மலர்ந்தருளும் பெரியோர் இருக்கும்வரை தங்களுக்கு அமுதுபடிக்குக் குறைவேது? அதிகாரம் ஒருமுறை அலட்சியமாகச் சிரித்தால் அதில் நூறு வதந்தி முளைக்கிறது. பிறகு அந்த நூறையும் காட்டி, பாருங்கள், எல்லாம் வதந்தி என்று அதே அதிகாரம் கோப்பைக் கட்டி வைக்கிறது. தாங்கள் ஊட்ட அது வளர்கிறது, அது ஊட்டத் தாங்கள் வளர்கிறீர்கள். காவியங்கள் காணாத நட்பு!

தார்

தங்கள் மாலை, செத்த பத்திரிகையாளரின் படத்துக்குப் போடும் மாலைதான்.

மாலையின் அழகே அழகு. உயிரோடிருந்தபோது மாதச் சம்பளமில்லாமல், செய்திக்கு இவ்வளவு என்று வாங்கி, அடையாள அட்டைக்கும் அலைந்த தாலுகா நிருபர், இறந்த அன்று ‘ஜனநாயகத்தின் நான்காவது தூண்’ ஆகிறார். இரங்கல் அறிக்கை வருகிறது. மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். நிவாரண நிதி அறிவிக்கிறார்கள்.

முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்க நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது. 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. இத்தனை ஆண்டாகியும் நடைமுறைக்கு வரவில்லை. அவசரப்பட்டு அமலாக்கிப் பயன்படுத்தினால் சட்டம் தேய்ந்துவிடுமே என்ற சிக்கனம்! வாடாத மாலை என்று புராணத்தில் படித்திருக்கிறோம். சூட்டப்படாததால் வாடாமலிருக்கும் மாலையை இங்கேதான் பார்க்கிறோம்.

கொடி

பத்தாவது உறுப்பு தங்கள் கொடி. அதில் புலியில்லை, மீனில்லை, வில்லில்லை. ‘விசாரணை நடந்து வருகிறது’ என்ற மூன்று சொல் மட்டும் பொறித்திருக்கிறது. வேறெந்த மன்னன் கொடியும் இத்தனை காலம் இறங்காமல் பறந்ததில்லை.

திடீர் மரணம் என்றால் என்ன செய்வது என்று சட்டம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ‘நூற்று எழுபத்து நாலு போட்டாங்க’ என்று ஊரில் சொல்வோமே, அந்தப் பிரிவு 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 194 என்ற எண்ணோடு இருக்கிறது. உடனே இடத்துக்குப் போ, சாட்சிகளை வைத்து உடலைப் பார், சந்தேகம் இருந்தால் பிணக்கூறாய்வுக்கு அனுப்பு, அறிக்கை எழுது. இவ்வளவுதான். இதை முதல் நாளே ஒழுங்காகச் செய்து, குடும்பத்தின் கையில் நகலைக் கொடுத்து, இதயம் என்றால் இதயம், கொலை என்றால் கொலை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் தங்கள் கொடிக்கம்பம் சாய்ந்துவிடும். தங்கள் அதிர்ஷ்டம், முதல் நாள் அலட்சியம், இரண்டாம் நாள் அவசரம், மூன்றாம் நாள் மௌனம் என்ற முறை பெரும்பாலும் தவறுவதில்லை.

கடல் தாண்டியும் கொடி பறக்கிறது. கொழும்பில் சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க, 2009 ஜனவரி 8 அன்று வேலைக்குப் போகும் வழியில் பட்டப்பகலில் தாக்கிக் கொல்லப்பட்டார். குண்டா, வேறு ஆயுதமா என்ற கேள்விக்கே விடை தேடி 2016 இல் உடலைத் தோண்டி எடுத்தார்கள். உலகம் முழுவதும் கொல்லப்பட்ட பத்திரிகையாளர்களின் வழக்குகளில் நூற்றுக்கு எண்பத்தைந்து தீர்க்கப்படாமலே கிடக்கின்றன என்று யுனெஸ்கோ 2024 அறிக்கையில் சொன்னது. ஆண்டுதோறும் நவம்பர் 2 அன்று இதற்காகவே உலக நாள் கொண்டாடுகிறார்கள். ஒரு பேரரசருக்கு இதைவிடப் பெரிய ஜெயந்தி விழா உண்டா!

விண்ணப்பம்

பத்தும் பாடி முடித்தேன். பாடிய வாய்க்குப் பரிசில் கேட்பது புலவர் மரபு. எனக்குப் பொன்னும் வேண்டாம், பொருளும் வேண்டாம். தங்கள் அரசு நீடூழி நிலைக்க வேண்டும் என்ற ஒரே ஆசையால், இதைப் படிக்கும் குடிமக்களுக்குத் தங்கள் சார்பில் நானே நான்கு கட்டளைகளைப் பிறப்பித்துவிடுகிறேன்.

பத்திரிகையாளர் ஒருவர் திடீரென்று இறந்தால், யார் கொன்றது என்று மட்டும் பேசுங்கள். என்ன எழுதிக்கொண்டிருந்தார் என்று தவறியும் கேட்காதீர்கள். சந்தேகம் இருந்தால் டீக்கடையில் கொட்டுங்கள்; பெயரும் விலாசமும் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒப்புகை வாங்கி எந்த அலுவலகத்திலும் கொடுத்துவிடாதீர்கள். பிணக்கூறாய்வு அறிக்கை வரும்வரை பொறுக்காதீர்கள், வந்தால் படிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பாதியில் விட்ட செய்தியை இன்னொருவர் எடுத்து முடிக்கும்படி விடாதீர்கள்.

இந்த நான்காவது கட்டளையில்தான் தங்கள் ஆயுள் இருக்கிறது, மகாராஜா. ஏனென்றால் வியாபத்தில் சிலர் அதை மீறினார்கள். வதந்தி திசைக்கொன்றாகப் பறந்த காலத்திலும் காகிதங்களோடு நீதிமன்றப் படியேறிக்கொண்டே இருந்தார்கள். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், முறைகேடாக இடம் பிடித்த 634 பேரின் மருத்துவச் சேர்க்கையை ரத்து செய்தது செல்லும் என்று தீர்ப்பளித்தது. தேநீரைப் பற்றிய எந்தக் கதையாலும் அதில் ஒருவரைக்கூட வெளியேற்ற முடிந்திருக்காது.